எந்தக் கேள்விக்கு இந்த ஓம்

என்னைப் பற்றிப் புத்தூர்ப் பக்கத்தில் ஒரு கதை இன்னும் உலாவுகிறது. கொம்பியூட்டரில் தமிழ் வரப்போன நல்ல நேரத்தில், அதைப் பூட்டிவிட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டு நடந்த பிள்ளை நான்தானாம். கதை உண்மைதான். பூட்டினேன், திறப்பை எடுத்தேன், நடந்தேன். இப்போது சண்டையில் கரண்ட் நின்றுபோய், அந்த மெஷின் பொலித்தீன் உறைக்குள் சும்மா கிடக்கிறது. நாளைக்கே கரண்ட் வந்து, அதே மேசையில் அதே ஆட்கள் என்னைச் சுற்றி நின்றாலும் அதையேதான் செய்வேன். கதையைச் சொல்கிறவர்கள் நான் வாசலைத் தாண்டிய இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் எனக்குக் கோபம்.

அப்போது உயர்தரப் பரீட்சை முடித்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் வகுப்புகள் தொடங்கவில்லை. எப்போது தொடங்கும் என்று கேட்டால் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். சும்மா இருப்பது எனக்கு ஒத்துவராது. யாழ்ப்பாண நகரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் கொம்பியூட்டர் வகுப்பு நடந்தது. பஸ் ஓடுகிற நாளில் பஸ்ஸிலும் ஓடாத நாளில் சைக்கிளிலும் போய்ப் படித்தேன். வகுப்பு முடிகிற சமயம், எங்கள் பக்கத்து வெங்காயச் சங்கம் ஒன்றில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஏதோ வெளிநாட்டு உதவியில் அவர்களுக்கு ஒரு கொம்பியூட்டர் வந்திருந்தது. தொட ஆளில்லை. நான் தொட்டேன்.

அதில் நடந்தது ஒரே ஒரு வேலை: லொறி முறை. எங்கள் செம்பாட்டு நிலத்து வெங்காயத்தைப் பிடுங்கி, பிடிபிடியாகக் கட்டி, கொட்டிலில் தொங்கவிட்டுவிட்டு எல்லாரும் லொறிக்குக் காத்திருப்பார்கள். கொழும்புக்கு லொறி எப்போது போகும் என்பது பாதையைப் பொறுத்தது. பாதை யாரைப் பொறுத்தது என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. லொறி வருகிற நாளில் யாருடைய வெங்காயம் ஏறுவது என்பதுதான் முறை. மழை பிடித்துவிட்டால், முறை பிந்தியவரின் வெங்காயம் தொங்கிய இடத்திலேயே அழுகிப்போகும். முந்தி இந்த முறை ஆட்களின் வாயில் இருந்தது. சத்தமாகக் கதைக்கிறவரின் வெங்காயம் முதலில் ஏறும். மெஷின் வந்த பிறகு, பிடுங்கியதை வந்து பதிந்த வரிசைதான் முறை. தலைவரின் தம்பியார் வந்து நின்றாலும் இடையில் புகமுடியாது. மெஷின் அச்சடித்துத் தரும் துண்டை லொறிக்காரரிடம் நீட்டினால் போதும்.

இதை என்னைவிட நன்றாக விளங்கிக்கொண்டவர் கோயிலுக்குப் பின்னால் தோட்டம் செய்த ஒரு அக்கா. புருசன் வெளிநாடு போய்க் கடிதமும் நின்றுபோனது. தனியாக இறைத்து, தனியாகப் பிடுங்கி, தனியாகச் சண்டை பிடிப்பவர். முந்தின வருடம் அவருடைய முறையை யாரோ தின்றுவிட்டார்கள். அழுகிப்போன அரைவாசி வெங்காயத்தை அள்ளிக் குழியில் கொட்டினார். இந்தத் தடவை அடுத்த லொறி அவருடையது. அதை ஒவ்வொரு நாளும் வந்து உறுதிப்படுத்திக்கொண்டு போவார்.

ஒரு நாள் துண்டை என் மேசையில் வைத்தார். "தங்கச்சி, இது என்ரை பெயர்தானோ, இல்லாட்டி உம்மடை பெயரோ? எனக்கு நண்டு ஊர்ந்த மாதிரித்தான் கிடக்குது."

துண்டில் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. மெஷினுக்கு அதுதான் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது. தமிழ் ஆட்கள், தமிழ் மண், தமிழ் வெங்காயம். துண்டு மட்டும் இங்கிலீஷில். கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக அகரம் வரைந்து, அதை எப்படி மெஷினுக்குள் ஏற்றுவது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. இதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறகு என்னைப் பார்த்து ஒருவர் சொன்ன சொல் அப்படிப்பட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை. நான் துண்டுகள் அடித்துக்கொண்டிருக்க, சங்கத்து மனேச்சர் பக்கத்தில் வந்து நின்று கதைக்கத் தொடங்கினார். மென்மையான மனிசன். தலைவருடைய சைக்கிள் மணி கேட்டாலே எழுந்து நிற்பார்.

"பிள்ளை, ஒரு நல்ல விசயம். தலைவரின்ரை மருமகன், தமக்கையாரின்ரை மகன், மெட்ராஸிலை இருந்து வந்திருக்கிறார்."

"ஓம்."

"அங்கை கொம்பியூட்டர்க் கோர்ஸ் ஒண்டு செய்தவராம். தமிழ் போடுற டிஸ்கெற் ஒண்டு கொண்டந்திருக்கிறார்."

"ஓம்… ஓம்…"

"திங்கட்கிழமை எங்கடை மெஷினிலை போடுவம் எண்டு தலைவர் சொல்லுறார்."

"ஓம்."

ஓம் என்ற சொல் எங்களிடம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, சம்மதம். மற்றது, காது திறந்திருக்கிறது, மேலே சொல்லுங்கோ என்பது. நான் சொன்னது இரண்டாவது. கையில் துண்டு, கண்ணில் பெயர், வாயில் ஓம். மனேச்சரின் காதில் விழுந்தது முதலாவது. நேரே போய்த் தலைவரிடம், பிள்ளை சம்மதம், எல்லாம் ஆயத்தம் என்று சொல்லிவிட்டார். தலைவர் நிர்வாகசபை முழுவதையும் கூப்பிட்டுவிட்டார். பஞ்சாங்கமும் பார்த்தாயிற்று.

திங்கட்கிழமை நான் போனபோது மெஷினின் நெற்றியில் சந்தனப் பொட்டு. மேசையில் வெற்றிலை, வாழைப்பழம், தேங்காய். சபை உறுப்பினர்கள் வெள்ளை வேட்டியோடு கதிரைகளில். ஒருவர் கற்பூரத் தட்டோடு மெஷினுக்குக் கிட்ட வந்தார். "ஐயா, புகை உள்ளுக்கை போனால் பேந்து மெஷின் இருமும்," என்று அவரைத் தடுத்தேன். சிரித்தார்கள். அதுவரைக்கும் எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

மருமகன் என்னைவிட இரண்டு மூன்று வயது கூடியவர். மடிப்புக் குலையாத சேர்ட். டிஸ்கெற்றைக் கடித உறையிலிருந்து எடுத்தார். மேலே எந்த எழுத்தும் இல்லை.

"சிம்பிள்தான் தங்கச்சி. உள்ளுக்கை போட்டு இன்ஸ்டோல் எண்டு அடியும். மிச்சத்தை அதுவே பார்க்கும்."

"அதுவே என்னத்தைப் பார்க்கும், அண்ணை?"

"எல்லாத்தையும்."

அந்த "எல்லாத்தையும்" என்ற சொல்தான் என்னை உசுப்பியது. டிஸ்கெற்றைப் போட்டேன். இன்ஸ்டோல் என்பது வேறொன்றுமில்லை, செய்ய வேண்டிய கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு கோப்பு. அதை ஓட்டவும் முடியும், ஓட்டாமல் வாசிக்கவும் முடியும். ஓட்டாமல் திரையில் காட்டும்படி மெஷினுக்குச் சொன்னேன். நாலைந்து வரிகள் திரையில் வந்தன.

"என்ன, தொடங்கீட்டுதோ?" என்றார் தலைவர்.

"இல்லை ஐயா, வாசிக்கிறன்."

"வாசிக்கிறதோ? இதென்ன பேப்பரோ?"

முதல் வரி திரையைத் துடைத்தது. அடுத்த வரி தமிழ் எழுத்துகளைக் கொண்டுவந்து மெஷினில் வைத்தது. அதற்கடுத்த வரியில் என் கண் நின்றது. அங்கே செற்றப் என்று இன்னொரு புரோகிராம். அது ஓடத் தொடங்கும்போதே ஒய் என்ற எழுத்தை அதன் வாயில் திணித்துவிடச் சொல்லியிருந்தது. ஒய் என்றால் யெஸ். யெஸ் என்றால் ஓம். போதாக்குறைக்கு, அந்தப் புரோகிராம் என்ன சொன்னாலும் திரையில் காட்ட வேண்டாம் என்றும் ஒரு குறிப்பு.

"அண்ணை, உந்தச் செற்றப் என்ன கேக்குது?"

"அது ஒண்டும் கேக்காது. தானா ஓடும்."

"ஏதோ கேக்குது. கேக்கிறபடியாத்தானே முன்கூட்டியே ஓம் எண்டு எழுதி வைச்சிருக்கு. எந்தக் கேள்விக்கு இந்த ஓம்?"

அவர் திரையைக் குனிந்து பார்த்தார். அந்த வரியை முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. "மெட்ராஸிலை என்ரை சிநேகிதன்ரை மெஷினிலை வடிவா ஓடினது," என்றார்.

"அவரின்ரை மெஷினிலை அப்ப என்ன இருந்தது?"

"ஒண்டுமில்லை. புதுசு."

"எங்கடையிலை முறை இருக்கு."

செற்றப்பையும் வாசித்துப் பார்ப்போம் என்று கட்டளை கொடுத்தேன். அது மனிசர் வாசிக்கிற எழுத்தில் இல்லை. திரை முழுக்கச் சிரிக்கிற முகங்களும் இதய வடிவங்களும் கோணல் கோடுகளும் ஓட, மெஷின் கீக்கீக்கென்று கத்தத் தொடங்கியது. கற்பூரத் தட்டுக்காரர் எழும்பிவிட்டார்.

"நிப்பாட்டும் பிள்ளை! சந்தனம் உள்ளுக்கை போயிட்டுதோ?"

நிறுத்தினேன். "இதை வாசிக்க ஏலாது. வாசிக்க ஏலாததை இந்த மெஷினிலை ஓட்ட மாட்டன்," என்றேன்.

மருமகன் சும்மா சொல்லக்கூடாது, புத்தியுள்ளவர். "பெயருகளை ஒரு கொப்பி எடுத்து வைச்சிட்டு ஓட்டலாமே?" என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். கொப்பி ஏற்கெனவே என்னிடம் இருந்தது. ஆனால் முறையைக் கணக்குப் பார்க்கிற புரோகிராமை டிஸ்கெற்றுக்குக் கொப்பி எடுக்க முடியாதபடி செய்திருந்தார்கள். அதன் மூல டிஸ்கெற்றுகளை, மெஷினைக் கொண்டுவந்து பொருத்தியவர்கள் தங்களோடு கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மெஷின் குழம்பினால் பெயர்கள் மட்டும் ஒரு டிஸ்கெற்றில் பத்திரமாக இருக்கும். அவற்றை வரிசைப்படுத்தித் துண்டு அடிக்க ஒன்றுமிராது. பாதை திறந்து, ஒருவர் கொழும்பு போய், வாங்கிக்கொண்டு திரும்பும்வரை பழையபடி சத்தமாகக் கதைக்கிறவரின் வெங்காயம்தான் லொறியில் ஏறும்.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு உறுப்பினர் கையைத் தூக்கினார். அவருடைய வெங்காயம் முந்தி எப்போதும் முதலில் ஏறியது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"எனக்கொண்டு விளங்கேல்லை. தமிழ் வருகுதெண்டால் சந்தோசப்பட வேண்டியதுகள், எங்கடை பிள்ளையளே குறுக்கை நிக்குதுகள்."

அந்தக் காலத்தில் இப்படி ஒரு சொல் சொன்ன அறையோடு நிற்காது. சைக்கிளில் ஏறி, தெருத்தெருவாக, ஒழுங்கை ஒழுங்கையாகப் போகும். நான் கதிரையில் இருந்தபடியே அவர் பக்கம் திரும்பினேன்.

"தமிழ் எனக்கும் வேணும் ஐயா. உங்கள் எல்லாரையும்விட எனக்குத்தான் அது வேணும், ஏனெண்டால் நாள் முழுக்க உந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது நான். தமிழ் எழுத்தை ஆர் கொண்டந்தாலும் வாங்குவன். ஆனால் எழுத்தோடை சேர்த்து என்ன வருகுதெண்டு ஆருக்கும் தெரியேல்லை. அண்ணைக்குத் தெரியாது. அவரின்ரை சிநேகிதனுக்கும் தெரியாது போலை கிடக்கு."

"பிள்ளை," என்றார் மனேச்சர் மெல்ல, "வெள்ளிக்கிழமை ஓம் எண்டனீரே."

"கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு ஓம் எண்டனான் சேர். செய்யிறன் எண்டு சொல்லேல்லை."

யாரோ பின்னால் சிரித்தார்கள். தலைவருக்கு அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை. எழுந்தார்.

"நல்ல நேரம் போகுது. நீர் எழும்பும். தம்பி, நீ இருந்து அடி."

அந்த மெஷினின் முன்பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு உண்டு. திருப்பினால் கீபோட் செத்துப்போகும். எந்த எழுத்தை அடித்தாலும் உள்ளே போகாது. திறப்பு எப்போதும் அதிலேயே தொங்கும். யாரும் அதைப் பாவித்ததில்லை. நான் திருப்பினேன், உருவினேன், கைக்குள் பொத்தினேன். மருமகன் இரண்டு எழுத்து அடித்துப் பார்த்தார். திரை அசையவில்லை.

"திறப்பைத் தாரும்," என்றார் தலைவர்.

"தர மாட்டன்."

"வெளியிலை போனால் பேந்து வேலைக்கு வர வேண்டாம்."

"வர வேண்டாமெண்டால் வரேல்லை. அடுத்த லொறிக்கு வெங்காயம் ஏறின பிறகு திறப்பைக் கொண்டந்து உங்கடை கையிலை தாறன். இப்ப டிஸ்கெற்றைத் தாங்கோ, யாழ்ப்பாணத்திலை வேறை மெஷினிலை ஓட்டிப் பார்த்துக்கொண்டு வாறன். நல்லதெண்டால் நானே போடுறன்."

வாசலில் அந்த அக்கா. தினமும் போலத் தன் முறையைக் கேட்க வந்தவர், முழுவதையும் கேட்டிருக்கிறார். உள்ளே இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "உதுக்குள்ளை கிடக்கிறது என்ரை முறை. தமிழிலை வந்தாலும் சரி, சீனத்திலை வந்தாலும் சரி, எனக்கு லொறி வேணும். தங்கச்சி போயிட்டு வரட்டும்."

அக்காவின் வாய்க்குச் சங்கத்தில் தனி மரியாதை. மருமகன் டிஸ்கெற்றை மெஷினிலிருந்து எடுத்து உறைக்குள் வைத்துத் தந்தார்.

நான் சைக்கிள் நிறுத்திய இடத்துக்குப் போவதற்குள் மருமகன் பின்னால் ஓடி வந்தார். "நில்லும். நானும் வாறன். ஓடுமெண்டு உமக்குக் காட்டுறன்."

"காட்டுங்கோ. அதுக்குத்தானே போறன்."

அன்று பஸ் ஓடியது. வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு படையினன் டிஸ்கெற்றை உறையிலிருந்து எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தான், திருப்பினான், காதோடு வைத்து ஆட்டினான். மருமகனுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு திருப்பித் தந்தான். பஸ்ஸில் ஏறியதும் நான் சொன்னேன்: "உள்ளுக்கை என்ன இருக்கெண்டு அவனாவது பார்க்க வெளிக்கிட்டான்." அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அதிலிருந்து கொஞ்சம் கதைத்துக்கொண்டு போனோம். அந்த டிஸ்கெற் அவருக்குச் சிநேகிதனிடமிருந்து வந்தது, சிநேகிதனுக்கு அறைத்தோழனிடமிருந்து, அறைத்தோழனுக்கு யாரோ ஒருவரிடமிருந்து. அந்த யாரோ யார் என்று அவருக்குத் தெரியாது. நல்ல எண்ணத்தோடுதான் ஒவ்வொருவரும் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் தெரிந்தவர் என்பதால் சாமானும் தெரிந்த சாமான் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

மாடி வகுப்பை நடத்தியவர் இளம் ஆள். நாங்கள் விசயத்தைச் சொன்னதும் தன் நல்ல மெஷினை உடனே துணியால் மூடினார். "இதிலை இல்லை, ராசாத்தி. அங்கை மூலையிலை ஒண்டு கிடக்கு. பெடியள் கார் ஓடி விளையாடுறது. அதை என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ."

மூலை மெஷின் வெறுமையாக இருந்தது. வெறுமையான மெஷினில் ஓட்டுவதால் எனக்கு என்ன பயன்? மெட்ராஸில் நடந்ததே இங்கேயும் நடக்கும். எங்கள் சங்கத்து மெஷினில் என்னென்ன எங்கெங்கே இருக்கிறதோ, அதே பெயர்களில் அதே அடுக்கில் இதிலும் உண்டாக்கினேன். எங்கள் பெயர்களும் முறைப் புரோகிராமும் இருந்த பகுதிக்கு, மெஷினைப் பொருத்தியவர்கள் டேட்டா என்று பெயர் வைத்திருந்தார்கள். இங்கேயும் டேட்டா என்று ஒன்றைத் திறந்து, அதற்குள் பூசணிக்காய், முருங்கைக்காய், கத்தரிக்காய் என்று பொய்ப்பெயர்களை முறைப்படி அடித்து வைத்தேன்.

"உது என்ன விளையாட்டு?" என்றார் மருமகன்.

"இதுதான் எங்கடை சங்கம். பூசணிக்காயாருக்கு அடுத்த லொறி."

இன்ஸ்டோல் என்று அடிக்காமல், செற்றப்பை மட்டும் தனியாக ஓட்டினேன். ஓம் என்று யாரும் அதன் வாயில் திணிக்கவில்லை, திரையை யாரும் மறைக்கவில்லை. அது கேள்வி கேட்டது. இங்கிலீஷில், மிக மரியாதையாக: டேட்டா என்ற பகுதியில் உள்ள கோப்புகள் எல்லாம் அழிக்கப்படும், தொடரலாமா?

மூன்று பேரும் அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். புரோகிராமை எழுதியவர் நேர்மையான ஆள். தன் எழுத்துகளை வைக்க அந்தப் பெயரில் ஓர் இடம் வேண்டியிருந்தது, கேட்டுவிட்டுத்தான் துடைக்க நினைத்தார். இடையில் வந்த யாரோ அந்தக் கேள்வியின் வாயைப் பொத்தியிருக்கிறார்கள்.

மருமகன் மெதுவாகச் சொன்னார்: "அறைத்தோழன்தான். நினைவு வருகுது. ஒவ்வொரு மெஷினிலையும் கேட்டுக் கேட்டு அலுப்படிக்குது, அதுதான் சுகமாச் செய்து வைச்சிருக்கிறன் எண்டு சொன்னவனாம். நல்லதெண்டுதான் நாங்கள் நினைச்சம்."

"ஒய் அடியுங்கோ," என்றேன்.

"அழிச்சுப்போடுமே?"

"அழிக்கட்டும். அதுக்குத்தானே பூசணிக்காயாரைக் கொண்டந்து வைச்சனான்."

அடித்தார். மெஷின் கொஞ்ச நேரம் முனகியது. டேட்டாவைத் திறந்து பார்த்தோம். பூசணிக்காயார் இல்லை. முருங்கைக்காயாரும் இல்லை. அந்த இடத்தில் என்னவோ புதிய கோப்புகள். பிறகு திரை வெறுமையாகி, நடுவில் ஓர் அகரம் வந்தது. சுழியும் வளைவும் காலும் சரியாக, பச்சை நிறத்தில், தமிழ் அகரம். நான் துள்ளினேன். வகுப்பு மாஸ்டரும் கைதட்டினார். மருமகன் மட்டும் துள்ளவில்லை. பாவம், துள்ள வேண்டியவர் அவர்தான். முறையைத் தின்றதும் எழுத்தைத் தந்ததும் ஒரே புரோகிராம். அதைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்குப் பயம் கூடவில்லை, குறைந்தது. இனி என்ன செய்வது என்று தெரிந்துவிட்டதே.

எங்கள் கோப்புகளை வேறோர் இடத்துக்கு மாற்றி வைத்து, இதை அழிக்க விட்டு, பிறகு திரும்பக் கொண்டுவந்தால் இரண்டும் ஒன்றாக இருக்குமா? பூசணிக்காயாரை வைத்தே அதையும் செய்து பார்த்தோம். இருந்தன.

பின்னேரம் சங்கத்துக்குத் திரும்பினோம். தலைவர் இன்னும் அங்கே இருந்தார். என்னைப் பார்க்காமல் மருமகனிடம் கேட்டார்: "ஓடினதோ?"

"ஓடினது மாமா, ஆனால்…"

"பாத்தீரோ?" என்று என் பக்கம் திரும்பினார். "ஓடினதாம்!"

"மாமா, நில்லுங்கோ. காலமை இஞ்சை ஓட்டியிருந்தால் முறை ஒண்டும் மிஞ்சியிராது. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத்தான் ஓடியிருக்கும்."

தலைவர் மேசையில் கிடந்த வெற்றிலையை ஒரு பக்கம் தள்ளினார். பிறகு, "சரி, அதுக்கு ஏன் பிள்ளை எல்லாருக்கும் முன்னாலை பூட்டினனீர்?" என்றார்.

"எல்லாருக்கும் முன்னாலைதானே ஐயா ஓட்டச் சொன்னனீங்கள்."

வேலையை விட்டுப் போ என்று அவர் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. நான் பூட்டைத் திறந்து என் கதிரையில் இருந்தேன். மன்னிப்புக் கேட்பேன் என்று மனேச்சர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை.

லொறி வந்தது. அக்காவின் வெங்காயம், நண்டு ஊர்ந்த துண்டோடு, அவருடைய முறையில் ஏறியது. கடைசிப் பிடி ஏறும்வரை அவர் இடுப்பில் கைவைத்தபடி நின்றார். லொறி போன பிறகு, அவசரத்தில் யாரும் இல்லாத ஒரு நாள் பார்த்து, மருமகனும் நானுமாக எங்கள் மெஷினில் தமிழைப் போட்டோம். கோப்புகளை மாற்றி வைத்து, கேள்வியைக் கேட்க விட்டு, வாசித்து, நாங்களே பதில் சொல்லி. சந்தனமும் இல்லை, சபையும் இல்லை. அக்காவின் பெயரைத் தமிழில் அடித்துக் கொடுத்தேன். துண்டைக் கிட்டப் பிடித்து எழுத்து எழுத்தாகப் படித்தார். கண் கலங்குவார் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, என்ரை பெயருக்கு ரெண்டு சுழி போதும். மூண்டு சுழி போட்டிருக்கிறீர்."

திருத்திக் கொடுத்தேன்.

சங்கத்தில் தமிழ் வந்த செய்தி பரவியது. தலைவர் போகிற இடமெல்லாம் சொன்னார். நெல்லியடிப் பக்கத்திலிருந்து இன்னொரு சங்கத்து ஆள், எனக்கு அண்ணை முறையான வயது, சைக்கிளில் வந்து டிஸ்கெற்றின் கொப்பி ஒன்று கேட்டார். அவர்களிடமும் ஒரு மெஷின் இருந்ததாம். தலைவருக்குப் பெருமை. "குடும் பிள்ளை, குடும்," என்றார்.

நான் கொப்பி எடுப்பதற்கு முன் இன்ஸ்டோலைத் திறந்து, யாரோ திணித்த அந்த ஒய்யை அழித்தேன். கேள்வியை மறைத்த குறிப்பையும் அழித்தேன். அதைத் தலைவர் கவனிக்கவில்லை. பிறகு டிஸ்கெற்றில் ஒட்டுகிற தாளை எடுத்துத் தடித்த பேனையால் தமிழில் எழுதினேன்: டேட்டா என்ற பெயரில் உள்ளதை எல்லாம் இது அழிக்கும். முதலில் வேறு மெஷினில் ஓட்டிப் பார்க்கவும்.

அதைத் தலைவர் கவனித்தார். "உதென்ன எழுதுறீர்? உப்பிடி எழுதிக் குடுத்தால் எங்கடை மரியாதை என்னாகிறது? பழுதான சாமானைக் குடுத்தமெண்டெல்லோ சொல்லுவினம்."

"எழுதாமல் குடுத்தால் அவையின்ரை முறை என்னாகிறது, ஐயா?"

"தாளைக் கிழியும்."

"கிழிக்க மாட்டன். தாளில்லாமல் குடுக்கிறதெண்டால் நீங்கள் உங்கடை கையாலை குடுங்கோ."

தலைவர் டிஸ்கெற்றை என் கையிலிருந்து வாங்கினார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். தாளோடுதான் அந்த மனிசரிடம் நீட்டினார், ஆனால் ஒன்றும் சொல்லாமல். அவர் நன்றி சொல்லிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். சைக்கிளில் கால் வைத்தவர், பையைத் திறந்து தாளை வாசிப்பது யன்னலால் தெரிந்தது. இன்னொரு தரம் வாசித்தார். சைக்கிளை ஸ்ராண்டில் விட்டுவிட்டுத் திரும்ப உள்ளே வந்தார்.

"தங்கச்சி, எங்கடை மெஷினிலையும் உந்தப் பெயரிலை ஒண்டு கிடக்குது. எங்கடை ஆக்களின்ரை விபரம் முழுக்க அதுக்குள்ளைதான். இப்ப என்ன செய்யிறது?"

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

"இருங்கோ அண்ணை," என்றேன். "வடிவாச் சொல்லுறன்."